நான் அனுப்பாத மனு

தம்பி,

கவர் ஒட்டாம இருக்கேன்னு பாக்காத. மறந்துபோய் விட்டுட்டேன்னும் நெனைக்காத. வேணும்னுதான் திறந்து விட்டிருக்கேன், ஏன்னு கடைசில சொல்றேன். உள்ள ரெண்டு சாமான் இருக்கும். ஒண்ணு இந்தக் கடுதாசி, இன்னொண்ணு நாலா மடிச்ச பழுப்புக் காகிதம். அத இப்பவே பிரிச்சுடாத. நீ சின்னப் புள்ளைலேருந்து பலகாரத்த மொதல்ல தின்னுட்டு சோத்தத் தள்ளி வெக்கிறவன், அதனாலதான் சொல்றேன், இதப் படிச்சு முடிச்சதுக்கப்புறம் அதப் பிரி. போன்லயே சொல்லியிருக்கலாம். மூணு தடவ எடுத்தேன். மூணு தடவையும் நீ "சாப்டியாம்மா"ன்னு கேட்ட, நான் "சாப்டேன்பா"ன்னு சொல்லி வெச்சுட்டேன். ஆறாம் வகுப்பு வரைக்கும் படிச்ச தமிழ் இருக்கே, எழுதிருவோம்னு உக்காந்துட்டேன். பிழை இருந்தா பொறுத்துக்க.

போன மாசம் பெர்மாஸ் ஜெயாவுல பொண்ணு வீட்டுல பரிசம் போட்டோமே, அன்னிலேருந்துதான் எனக்கு இந்த அரிப்பு. தட்டு மாத்தி முடிஞ்சு எல்லாரும் காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க. கவிதாவோட அப்பா நல்ல மனுசன். குத்திக் காட்டணும்னு கேக்கல, பேச்சுவாக்குலதான் கேட்டாரு. "மாப்ள எலக்ட்ரிக்கல் படிச்சீங்கன்னு கவிதா சொல்லுச்சே, அப்புறம் ஏன் அந்த லைன்ல போகாம சிங்கப்பூர்ல சாமான் கிட்டங்கி வேலைக்குப் போனீங்க?" நீ சிரிச்சுக்கிட்டே சொன்ன. "முடிக்கல மாமா. ரெண்டு செமஸ்டர் பாக்கி இருக்கும்போது எங்க ஊரு பெக்கோக்ல வெள்ளம். வெள்ளத்துல பாதிச்ச ஸ்டூடண்ட்சுக்கு காலேஜ்ல உதவி குடுத்தாங்க, அந்த செமஸ்டர் பீஸ் கட்ட வேணாம், புக்குக்கும் ரூம் வாடகைக்கும் கையில கொஞ்சம் தருவாங்க. நான்தான் மனுவ நேரத்துக்கு அனுப்பாம கோட்டை விட்டுட்டேன். என் அசட்டை மாமா, வேற யாரையும் சொல்ல முடியாது." அவரு அடப் பாவமேன்னாரு. மூலைல உக்காந்திருந்த ஒரு அத்தை, "அலமாக், ஒரு மனு கூட ஒழுங்கா அனுப்பத் தெரியாதா? அப்ப இனிமே எல்லாத்தையும் கவிதாதான் பாத்துக்கணும் போலயே லா"ன்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சேந்து சிரிச்ச. நான் வெத்தல பாக்குத் தட்டோட நின்னுக்கிட்டு இருந்தேன். நான் சிரிக்கல, ஆனா வாயையும் தொறக்கல.

அதுக்கு அப்புறம் நடந்ததுதான் என்னை இன்னும் கொன்னுச்சு. கல்யாணச் சடங்கு பத்திப் பேச்சு வந்தப்ப கவிதாவோட பெரியம்மா மெதுவா ஒரு வார்த்தை போட்டாங்க. மாப்ளயோட அப்பா இல்லையே, பாதபூசைக்கு அவரு பெரியப்பா பெரியம்மாவ ஜோடியா உக்கார வெச்சுக்கலாமே, மணவறைல தாலி இல்லாதவங்கள உக்கார வெக்கிறது அவ்வளவு நல்லா இருக்காதேன்னாங்க. எனக்கு ஒண்ணும் கோவம் வரல, உலக வழக்கத்தத்தான் சொன்னாங்க. நீ எந்திரிச்சு நின்னுட்ட. "என்னைப் படிக்க வெக்க எங்கம்மா எவ்வளவு பாடுபட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாது பெரியம்மா. எங்கம்மா காலத்தான் நான் கழுவுவேன். அது முடியாதுன்னா பாதபூசையே வேணாம்." அவங்க சரிப்பான்னு விட்டுட்டாங்க. திரும்பி வரும்போது கார்ல நான் பேசாம வந்தேன்ல, நீ கூட "சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சாம்மா"ன்னு கிண்டல் பண்ண. சந்தோசம் இல்லடா தம்பி. உங்கம்மா படிக்க வெச்ச லட்சணம் எனக்கில்ல தெரியும்.

சுத்தி வளைக்காம சொல்லிடறேன். அந்த மனு லேட்டாப் போகல. போகவே இல்ல. நான் அனுப்பல. எட்டு வருசமா நீ உன் தப்புன்னு சொல்லிக்கிட்டுத் திரியறது என் தப்பு.

இதுக்கு ஒரு வேர் இருக்கு, அது உங்கப்பா செத்த வருசத்துல இருக்கு. நீ பள்ளிக்கூடத்துல பாரம் நாலு படிச்சுக்கிட்டு இருந்த. காஹாங் ரோட்டுல செம்பனைக் குலை ஏத்திக்கிட்டு வந்த லோரி கவுந்து அவரு போயிட்டாரு. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுவாரம் ஒரு சங்கத்துக்காரங்க வீட்டுக்கு வந்தாங்க. அரிசி மூட்டை, மைலோ டின்னு, எண்ணெய்ன்னு கொண்டு வந்தாங்க. நல்லதுதான், வயித்துக்கு வேண்டியதுதான். ஆனா கூடவே ஒரு பேனரும் கொண்டு வந்தாங்க. அதப் பின்னாடி பிடிச்சுக்கிட்டு, என்னை நடுவுல நிக்க வெச்சு, அரிசி மூட்டைய ரெண்டு கையாலயும் பிடிக்கச் சொல்லி, "கொஞ்சம் கேமராவப் பாருங்கம்மா"ன்னாங்க. பாத்தேன். அந்தப் படம் பேஸ்புக்குல வந்து, உன் கூட்டாளிங்க ஸ்கூல்ல உனக்குக் காட்டி, நீ சாயந்தரம் வந்து புத்தகப் பையத் தூக்கி எறிஞ்சுட்டு அழுத. "இனிமே யார்கிட்டயும் எதுவும் வாங்காதம்மா"ன்ன. நான் உன் தலைல கைய வெச்சு வாங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணேன். அந்தப் படம் இன்னமும் எங்கயோ கிடக்கும்.

ஆனா பழிய அந்தப் பதினாறு வயசுப் புள்ள மேல போட நான் இத எழுதல. நீ சொன்னது அழுகைல சொன்னது. அதப் புடிச்சுக்கிட்டு என் ரோசத்துக்குத் தீனி போட்டது நான்தான். பள்ளிக்கூட கேன்டீன எடுத்து நடத்த ஆரம்பிச்சதுக்கு அப்புறம் எனக்கு ஒரு திமிர் வந்துருச்சு. ஊர்ல எந்த விசேசம்னாலும் என்னைத்தான் கூப்புடுவாங்க, கோயில் அன்னதானமா, சாவு வீட்டு காரியமா, என் கைதான். பத்துப் பேருக்குச் சோறு போடற கை, யார்கிட்டயும் நீளாத கைன்னு மனசுக்குள்ள ஒரு பெருமை. சொல்லிக்கிட்டும் திரிஞ்சேன்.

அந்த வெள்ளம் உனக்கு ஞாபகம் இருக்கும், ஆனா நீ ஜொகூர் பாருல காலேஜ்ல இருந்த, கண்ணால பாக்கல. ஒரு வாரமா விடாம மழை. மத்தியானம் பள்ளிக்கூடம் விடற நேரத்துக்கு ஆத்துத் தண்ணி நம்ம தாமான் வீட்டு வரிசைக்குள்ள வந்துருச்சு. பள்ளிக்கூடம் மேட்டுல இருக்கறதால ஜனங்க எல்லாம் அங்கதான் வந்தாங்க, பாயும் கைப்பிள்ளையுமா. பாத்தா என் கேன்டீன்தான் சமையல்கட்டு. அரிசியும் நெத்திலியும் இருந்துச்சு, அடுப்பப் பத்த வெச்சேன். நம்ம வீட்டுல ஜன்னல் வரைக்கும் தண்ணி நிக்குதுன்னு யாரோ வந்து சொன்னப்ப நான் பருப்புக்குத் தாளிச்சுக்கிட்டு இருந்தேன். உங்கப்பா படம், உன் சர்டிபிகேட்டுங்க, தையல் மிசினு எல்லாம் கண்ணுக்குள்ள ஓடுச்சு. கரண்டியக் கீழ வெக்கல. நாலு நாள் கேன்டீன் சாமான் ரூம்ல அரிசி மூட்டைங்களுக்கு நடுவுல படுத்து எந்திரிச்சேன். வீடு போனவங்கள்ல நானும் ஒருத்தின்னு எனக்கே தோணல, இல்ல, தோண விடல.

ரெண்டாம் நாள் வெல்பேர் ஆபீஸ்லேருந்து ஒரு மலாய்க்காரப் பொண்ணு வந்து மேசை போட்டு, அங்க தங்கியிருக்கற குடும்பங்களோட பேர எழுத ஆரம்பிச்சுச்சு. யாரு எந்த வீடுன்னு சொல்ல, நம்ம தாமான் தலைவரா இருந்த செல்லையா அண்ணன் பக்கத்துல நின்னாரு. சோத்துக்கு வரிசை நிக்கிற நேரம். அவரு அங்கேருந்தே கூப்புட்டு, "அக்கா, உங்க வீட்டுலயும்தானே தண்ணி, பேரு எழுதிக்கவா? பின்னாடி எதுக்காச்சும் கேப்பாங்க"ன்னாரு. நல்லெண்ணத்துலதான் கேட்டாரு. நான் கைல சோத்துக் கரண்டியோட, வரிசைல நின்ன அத்தனை பேருக்கும் கேக்கற மாதிரி சொன்னேன். "என் பேர எழுத வேணாம். நான் சோறு போடறவ. தட்டு நீட்டறவ இல்ல."

வாய்க்கொழுப்பு சீலையில வடிஞ்ச கதைதான். எனக்கு முன்னாடி நின்னது பக்கத்து வீட்டு பார்வதி. நம்ம வீட்டுச் சுவரும் அது வீட்டுச் சுவரும் ஒண்ணு, என் வீட்டுல எவ்வளவு தண்ணியோ அது வீட்டுலயும் அவ்வளவு. நீட்டுன தட்ட அப்படியே இறக்கிக்கிச்சு. வரிசைய விட்டு வெளிய போய் நின்னுச்சு, அப்புறம் அது மகதான் வந்து ரெண்டு பேருக்கும் வாங்கிட்டுப் போச்சு. அந்தப் புள்ளையும் உன் காலேஜ்தான்னு உனக்குத் தெரியும். பேரு எழுதிக்கிட்டவங்களுக்கு வெல்பேர் பொண்ணு ஒரு சீட்டுல ஆபீஸ் முத்திரைச் சாப்பு குத்திக் குடுத்துச்சு. பார்வதி அத பிளாஸ்டிக் பைல போட்டு ரவிக்கைக்குள்ள வெச்சுக்கிச்சு. நான் பாத்துச் சிரிச்சேன், தம்பி. உள்ளுக்குள்ள சிரிச்சேன்.

தண்ணி வடிஞ்ச சனிக்கிழமை நீ ரயில்ல வந்த. ரெண்டு பேரும் சேந்து சேறு வாரினோம், நெஞ்சு மட்டத்துக்குச் சுவர்ல கறை நின்னுச்சு, மெத்தையெல்லாம் தூக்கி வாசல்ல போட்டோம். ஞாயித்துக்கிழமை கிளம்பறதுக்கு முன்னாடி நீ பைலேருந்து அந்தக் காலேஜ் உதவி மனு போராங்க எடுத்த. எல்லாத்தையும் நீயே நிரப்பியிருந்த, உன் கையெழுத்துதான் அச்சடிச்ச மாதிரி இருக்குமே. வீட்டப் போட்டோ எடுத்து, கடைல கொடுத்துக் கழுவி ஒட்டியிருந்த. பள்ளிக்கூடத்துல பேரு பதிஞ்ச சீட்டு இருக்காம்மான்னு கேட்ட. இல்லப்பா, நான் சமைச்சுக்கிட்டு இருந்தேன், மறந்துட்டேன்னேன். அதுதான் முதல் பொய். நீ பரவால்லம்மா, சீட்டு இல்லன்னா தாமான் தலைவர் கையெழுத்தும் சாப்பும் போதும்னு போட்டிருக்கு, செல்லையா மாமாகிட்ட நாளைக்கு வாங்கி உடனே போஸ்ட் பண்ணிடு, வெள்ளிக்கிழமைக்குள்ள போய்ச் சேரணும்ன. அவரு அன்னிக்கு சிகாமட் போயிருந்தாரு, இல்லன்னா நீயே வாங்கியிருப்ப. திங்கக்கிழமை உனக்குப் பரீட்சை. நாலு தடவ சொல்லிட்டுப் போன. ஸ்டேசன்லேருந்து போன் பண்ணியும் சொன்ன.

திங்கக்கிழமை சாயந்தரம் நல்ல சேலையா ஒண்ணு தேடிக் கட்டிக்கிட்டு, போராங்கக் கவர்ல போட்டுக்கிட்டு அவரு வீட்டுக்குப் போனேன். வாசல்ல ஏழெட்டுப் பேரு நிக்கிறாங்க, எல்லார் கைலயும் ஏதோ ஒரு போராங், எல்லாம் நான் சோறு போட்ட முகங்க. பார்வதியும் வேற ஏதோ போராங்கோட நின்னுச்சு. செல்லையா அண்ணன் உள்ள மேசை போட்டு சாப்பு குத்திக்கிட்டு இருந்தாரு. வாசக் கேட்டுப் பக்கத்துல என்னைப் பாத்துட்டு அங்கேருந்தே சிரிச்சாரு. "என்னக்கா, சோறு போடறவங்களும் வரிசைக்கு வந்துட்டீங்க போல! வாங்க வாங்க, நில்லுங்க." ரெண்டு மூணு பேரு சிரிச்சாங்க. பார்வதி சிரிக்கல. அது கொஞ்சம் நகந்து எனக்கு இடம் விட்டுச்சு. அந்த இடத்துல போய் நின்னிருந்தா கால் மணி நேரத்துல வேலை முடிஞ்சிருக்கும். நான் "இல்லண்ணே, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்"னு சொல்லிட்டுத் திரும்பி நடந்தேன். காது ரெண்டும் எரிஞ்சுச்சு. வீட்டுக்கு வந்து அவரத் திட்டினேன், அவரு பொண்டாட்டியத் திட்டினேன், உங்கப்பாவக் கூடத் திட்டினேன். போராங்க அரிசி டின்னுக்குள்ள வெச்சேன், நாளைக்குப் போவோம்னு. செவ்வாய்க்கிழமையும் நாளைக்குத்தான். வியாழக்கிழமை நீ போன் பண்ணி அனுப்பிட்டியாம்மான்னு கேட்டப்ப, புதன்கிழமையே போட்டாச்சுப்பான்னேன். முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறதுன்னு சொல்வாங்களே, நான் அரிசி டின்னுல மறைச்சேன்.

இதோட நின்னிருந்தா கூட உன்னைக் காப்பாத்தியிருக்கலாம். அடுத்த வாரம் நீ காலேஜ் கவுண்டர்ல போய்க் கேட்டிருக்க, வரலன்னு சொல்லியிருக்காங்க. ஆனா அங்க இருந்த அதிகாரி இரக்கம் உள்ளவரு. தேதிக்கு முன்னாடி போஸ்ட் பண்ணதுக்கு ரசீது இருந்தா கொண்டா, எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்காரு. நீ மூச்சு வாங்க போன் பண்ண. "அம்மா, போஸ்ட் ஆபீஸ் ரசீது இருக்கா? அது மட்டும் போதும்மா." அந்த நிமிசம் நான் உண்மையச் சொல்லியிருக்கணும். போராங் வீட்டுல இருக்கு, கையெழுத்து வாங்கலன்னு சொல்லியிருந்தா, நீ என்னைக் கத்தியிருப்ப, ஓடி வந்திருப்ப, செல்லையா அண்ணன் சாப்பு குத்தியிருப்பாரு, அந்த அதிகாரி கால்ல விழுந்தாவது குடுத்திருப்ப. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ரசீது சேத்துக் குப்பையோட போயிருச்சுப்பான்னேன். அப்புறம், "என் தப்புதாம்மா. ஞாயித்துக்கிழமை ராத்திரி தங்கி நானே கையோட வாங்கிட்டுப் போயிருக்கணும். உன் தலைல கட்டிட்டு வந்தேன் பாரு, நீயே வீடு போய் நிக்கிற. சாரிம்மா"ன்ன. நீ என்கிட்ட மன்னிப்புக் கேட்ட. நான் பரவால்லப்பான்னு சொன்னேன். என் வாய் அழுகியிருக்கணும்.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும், ஆனா எனக்கும் தெரியும்னு உனக்குத் தெரியணும். வீட்டத் துடைச்சு எடுக்கவே நான் திணறிக்கிட்டு இருந்தேன், பீஸுக்கு வழியில்ல. ஒரே ஒரு செமஸ்டர் நிறுத்தி வெச்சுட்டு சிங்கப்பூர்ல வேலை பாத்துக் கட்டிடறேன்னு போன. ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு எட்டு வருசமாச்சு. விடியறதுக்கு முன்னாடி மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு சிங்கப்பூர் பாலத்துல அந்தக் கூட்டத்துல புகையக் குடிச்சுக்கிட்டு நிக்கிற. ஒரு மழை நாள்ல சறுக்கி விழுந்து முட்டில தகடு வெச்சாங்க. இப்பவும் மழை இருட்டுனா நீ கால இழுத்துதான் நடக்கற, நான் பாக்கறப்ப மட்டும் நேரா நடக்கற. பார்வதி மக அந்த உதவிய வாங்கிப் படிச்சு முடிச்சு, இன்னிக்கு நல்ல வேலைல இருக்கு. தீபாவளிக்கு முறுக்கு எடுத்துக்கிட்டு வரும். "அண்ணன் எங்க ஆன்ட்டி, நல்லா இருக்காரா? எங்க பேட்ச்ல அவருதான் கெட்டிக்காரரு"ன்னு ஒவ்வொரு வருசமும் அதையேதான் சொல்லும். அது போனதும் அந்த முறுக்க நான் தொட மாட்டேன். நீ கேப்பியே, ஏம்மா உனக்கு முறுக்கு புடிக்காதான்னு.

இந்த வருசம் மறுபடி தண்ணி வந்துச்சுல்ல. மறுபடி நான்தான் சமையல். ஒரு பொம்பளை கேன்டீன் தூணுக்குப் பின்னாடி நின்னுச்சு, மகளோட காலேஜ் போராங்க முந்தானைல சுத்தி வெச்சுக்கிட்டு. வெக்கமா இருக்குக்கான்னுச்சு. எனக்கு எங்கேருந்து வந்துச்சோ அவ்வளவு கோவம். அடுப்ப அணைச்சுட்டு, கையப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போய் மேசை முன்னாடி நிறுத்தினேன். "எழுதிக்க லா, இது பிச்சை இல்ல, உன் புள்ளயோட படிப்பு, வெக்கப்படறத வீட்டுல போய் வெச்சுக்க"ன்னு கத்தினேன். அது கையெழுத்து வாங்கிட்டு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதுச்சு. ஊரான் புள்ளைக்கு என்னால பத்து நிமிசத்துல செய்ய முடிஞ்சுச்சு.

உனக்குப் புத்தி சொல்ற யோக்கியதை எனக்கு இல்ல. ஆனாலும் நீ குடும்பஸ்தன் ஆகப் போற, பெத்தவ சொல்லாம யாரு சொல்லுவா. கவிதாகிட்ட தப்பு பண்ணுவ, எல்லாரும் பண்ணுவாங்க. பண்ண அன்னிக்கே சொல்லிடு. அன்னிக்குச் சொன்னா ஒரு சண்டையோட போகும். நாளைக்குன்னு வெச்சா அத மறைக்க இன்னொண்ணு, அதுக்கு இன்னொண்ணுன்னு வளந்து, கடைசில உனக்கே சொல்ல இடம் இல்லாம போயிரும். உனக்குப் புள்ள பொறந்து, அது எதுக்காச்சும் ஒருத்தர் வாசல்ல நிக்கணும்னா, நீ முன்னாடி போய் நில்லு. சிரிக்கிறவன் சிரிக்கட்டும். ரெண்டு பேரு சிரிப்புக்குப் பயந்து நான் உன் படிப்பக் குடுத்தேன்.

பரிசம் முடிஞ்ச மறுவாரம் அரிசி டின்னுலேருந்து போராங்க எடுத்தேன். ஆமா, இன்னும் அங்கதான் இருந்துச்சு. வீடு மாத்துனப்ப டின்னயும் தூக்கிட்டு வந்தேன், அரிசிய மாத்தி மாத்திக் கொட்டினேன், அத மட்டும் அடில விட்டுட்டேன். கிழிச்சுப் போடவும் மனசு வரல. எடுத்துக்கிட்டு செல்லையா அண்ணன் வீட்டுக்குப் போனேன். தளந்துட்டாரு, கண்ணும் சரியாத் தெரியல, வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலில உக்காந்திருந்தாரு. வரிசை கிரிசை ஒண்ணும் இல்ல, நான் மட்டும்தான். கேட்டத் தாண்டி உள்ள போய், நடந்தத எல்லாம் சொல்லி, ஒரு கையெழுத்துப் போடுங்கண்ணேன்னு கேட்டேன். அவரு காகிதத்தக் கண்ணுக்கிட்ட வெச்சுப் பாத்தாரு. "நான் அப்படியா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லையேக்கா. சும்மா வெளயாட்டுக்குச் சொல்லியிருப்பேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சாப்ப எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கே வந்து குத்தியிருப்பேனே"ன்னாரு. எட்டு வருசம் நான் அந்த ஒரு சிரிப்ப நெஞ்சுல வெச்சு வளத்துக்கிட்டு இருந்தேன், அவருக்கு ஞாபகமே இல்ல. கையெழுத்தும் போடல. "இப்ப நான் தலைவர் இல்லையேக்கா, போடக்கூடாது. போட்டாலும் எதுக்கு ஆகும்?"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. சரியாத்தான் சொன்னாரு. அதனால நீ பிரிக்கும்போது எல்லாம் நிரப்பியிருக்கும், வீட்டுப் படம் ஒட்டியிருக்கும், அந்த ஒரு கட்டம் மட்டும் வெறுமையா இருக்கும். அது உன் அசட்டை இல்ல, என்னோடது.

இப்ப கவரப் பத்திச் சொல்றேன். இத நான் உன் கைல குடுக்கல, கவிதாவோட அப்பா கைல குடுத்துவிடறேன். நீ அத்தனை பேரு முன்னாடி உன் தப்புன்னு சொன்ன, அதனால அந்த வீட்டுலதான் இது மொதல்ல படிக்கப்படணும். அந்த அத்தைக்கும் படிச்சுக் காட்டச் சொல்லியிருக்கேன், அவங்க வீட்டு மாப்ளைக்கு மனு அனுப்பத் தெரியும்னு தெரிஞ்சுக்கட்டும். உன் கைக்கு வரும்போது அவங்க எல்லாரும் படிச்சு முடிச்சிருப்பாங்க. இந்தத் தடவ நாளைக்குப் பாத்துக்கலாம்னு டின்னுக்குள்ள வெக்க எனக்கு வழி இல்லாமப் பண்ணிக்கிட்டேன்.

கல்யாணத்தன்னிக்கு ஐயரு கூப்புடுவாரு. தாம்பாளம் வெப்பாங்க, பால் ஊத்துவாங்க, மஞ்சத் தண்ணி ஊத்துவாங்க, நீ அந்த முட்டிய மடக்கிக் குனிஞ்சு என் காலத் தொடணும். அந்தக் காலு செல்லையா அண்ணன் வீட்டு கேட்டு வரைக்கும் போய், உனக்காக இன்னும் பத்தடி வெக்க மாட்டேன்னு திரும்புன காலு. அது தெரியாம நீ அதக் கழுவக்கூடாது தம்பி. தெரிஞ்சதுக்கப்புறம் கழுவறதும் கழுவாததும் உன் இஷ்டம், நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். கவிதாவோட பெரியம்மா சொன்ன மாதிரி உன் பெரியப்பாவ உக்கார வெச்சாலும் சரிதான். நான் மண்டபத்துக்கு வந்துருவேன். செருப்பக் கழட்டிட்டு, பின்னாடி வரிசைல நிக்கிறேன். நீ கூப்புட்டா வரேன்.

அம்மா